சீர்வரிசை போட்டி

ஹோனியாரா, சாலமன் தீவுகள்
நவம்பர் 2022

டேய் மாரி,

மகளுக்கு வரன் முடிஞ்ச சேதி கிடைச்சது. ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளைக்குக் கணக்கு தெரியுமா, இல்லை உன்னை மாதிரியா? மாமா இன்னும் அந்த ரேடியோவை விக்கலையா? சரி, இங்கே நடக்கிற கூத்தைக் கேள்.

இந்த மாசம் 2ஆம் தேதி ஆஸ்திரேலியாக்காரங்க இந்த ஊர் போலீசுக்கு 60 ரைஃபிளும் 13 வண்டியும் கொடுத்தாங்க. 4ஆம் தேதி சீனாக்காரங்க தண்ணி பீய்ச்சி அடிக்கிற லாரி 2, மோட்டார் சைக்கிள் 30, பெரிய கார் 20 கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. ரெண்டு தாய்மாமன் முறைச்சுக்கிட்டே சீர் வைப்பாங்களே, செல்லம்மா கல்யாணத்தில் பார்த்தோமே, அதேதான். எங்க தெருக் குழாயில் குடிக்கத் தண்ணி ஒழுங்கா வராது. அந்த லாரிக்கு எங்கே பிடிப்பாங்களோ!

வண்டி, லாரி எப்படியும் போகட்டும். அந்த 60 துப்பாக்கிதான் என்னைத் தூங்கவிடலை. இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாதுடா, இருக்கிறது போலீஸ் மட்டும்தான். 2000 ஜூனில் இங்கே ரோவில் இருக்கிற போலீஸ் ஆயுதக் கிடங்கை, மலைத்தாங்கிற தீவுக்காரங்களோட ஆயுதக் குழு கைப்பற்றினப்போ, போலீசிலேயே ஒரு பகுதி அவங்களோட சேர்ந்துக்கிச்சு. பிரதமரையே பிடிச்சு வச்சாங்க. அரசாங்கத் துப்பாக்கியே அரசாங்கத்துக்கு எதிரா நின்னுது. 2003 ஜூலையில் ஆஸ்திரேலியா தலைமையில் பக்கத்து நாடுகளெல்லாம் வந்து, ஆயிரக்கணக்கில் துப்பாக்கியை வாங்கி அழிச்சாங்க. அதுக்கப்புறம் 2017 வரைக்கும் இந்தப் போலீஸ் துப்பாக்கி இல்லாமத்தான் காவல் காத்தது. அழிக்க வந்த அதே நாடு இப்போ கொண்டுவந்து கொடுக்குது. நாங்க தரலைன்னா சீனா தந்துடும்னு பயம். எதிர்க்கட்சித் தலைவர் மேத்யூ வாலேயும் இதைத்தான் சொன்னார்.

போன வருஷ நவம்பர் கலவரத்தைப் பத்தித்தான் வீட்டில் தினம் சண்டை. சீனாக்காரங்க கடை இருக்கிற சைனாடவுன் எரிஞ்சது, எரிஞ்ச கட்டடத்தில் 3 உடல் கிடைச்சது. "அன்னிக்குப் போலீசு கையில் இன்னும் நிறையத் துப்பாக்கி இருந்திருந்தா கடையெல்லாம் தப்பிச்சிருக்கும்"ங்கிறா சரசு. தப்பிச்சிருக்கலாம். ஆனா தெருவில் நின்னவங்கள்ல பாதி வேலைவெட்டி இல்லாத பையன்கள். மலைத்தாக்காரங்க நிறையப் பேர். அவங்க அண்ணன் தம்பியும் போலீசில் இருக்கான். யாரை யார் சுடச் சொல்றது? 2019ல் இந்த அரசாங்கம் தைவான் உறவை விட்டுட்டுச் சீனா பக்கம் போனதிலிருந்தே மலைத்தா கொதிச்சுக்கிட்டுக் கிடக்கு. அந்தக் கொதிப்பைத் தண்ணி லாரியால் அணைக்க முடியுமா? இதைச் சொன்னா சரசு, "நீங்க மட்டும் பெரிய மந்திரி"ன்னு அடுப்படிக்குப் போயிடுறா.

எதிர்வீட்டுக் கான்ஸ்டபிள் தங்கமான பையன். புது மோட்டார் சைக்கிள் தனக்குக் கிடைக்குமான்னு ஒரே கனவு. "துப்பாக்கிக்குக் கணக்கு யாருடா வைக்கிறாங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, பெட்ரோலுக்கே யார் காசு தருவாங்கன்னு திருப்பிக் கேட்டான். அடுத்த நவம்பரில் பசிபிக் விளையாட்டுப் போட்டி இங்கேதான். அதுக்குள்ளே இன்னும் என்னென்ன வந்து இறங்குமோ.

நீ ஆயுதப்படை ஸ்டோரில் எழுத்தரா இருந்தவன். ஒரு தோட்டா குறைஞ்சா ராத்திரி முழுக்க உங்களை உட்காரவச்சு எண்ணவிடுவாங்கன்னு புலம்புவியே! ரிஜிஸ்டரில் என்னென்ன பதிவீங்க, சாவி யார் யார்கிட்டே இருக்கும், எத்தனை நாளைக்கு ஒருதரம் சரிபார்ப்பீங்கன்னு விவரமா எழுது. அந்தப் பையனுக்குச் சொல்லணும். கல்யாணத் தேதியையும் மறக்காம எழுது, டிக்கெட் பார்க்கணும்.

உன்,
ராசு