எங்கள் இரண்டாம் வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

தாராவி, மும்பை

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், பாட்டிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நாகர்கோவில் வண்டி ஏறுவதற்குள் இந்த மடலை எழுதி, வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் இந்த வருஷம் இரண்டாம் வகுப்பில் அவர்கள் கற்றதில் பெரும்பகுதி உங்கள் கடையிலும் பட்டறையிலும் அடுப்படியிலும் இருந்து வந்தது. புத்தகம் பள்ளி கொடுத்தது. கையில் பிடித்துப் பார்க்க வேண்டியதை எல்லாம் நீங்கள் கொடுத்தீர்கள்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிற அளவுக்கு எழுத்து அட்டைகளும் சுவர்ப்படங்களும் தமிழில் இங்கே கடைகளில் கிடைப்பதில்லை. அந்தக் குறையை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னதையே பிடித்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள்.

முதல் நன்றி நைன்டி ஃபீட் ரோட்டில் துடைப்பம் விற்கும் மாமாவுக்கு. உதிர்ந்த ஈர்க்குச்சிகளை ஒரே நீளமாக நறுக்கி, பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குச்சி எங்களுக்கு என்ன செய்தது என்பதை அவருக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால் 305 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. காதில் முப்பது விழுகிறது, பிறகு ஐந்து விழுகிறது, விழுந்தபடியே எழுதுகிறார்கள். பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அது திரும்பி வரும். பத்துப் பத்துக் குச்சியாக எண்ணி, பூக்கார அக்கா கொடுத்த ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டினோம். மூன்று கட்டு, ஐந்து உதிரி. கட்டுகள் இடப்பக்கம், உதிரி வலப்பக்கம். ஒவ்வொன்றின் கீழேயும் எத்தனை இருக்கிறது என்று எழுதச் சொன்னபோது 35 தானாக வந்தது. சைபருக்கு அங்கே இடமே இல்லை என்பதை அவர்களே பார்த்தார்கள்.

கழித்தலில் இன்னும் நன்றாக வேலை செய்தது. 32-லிருந்து 17 போக வேண்டும். இரண்டு உதிரியிலிருந்து ஏழு எடுக்க முடியாது. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினால் பத்துக் குச்சி கொட்டுகிறது, இப்போது உதிரி பன்னிரண்டு. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “டீச்சர், கடன் எல்லாம் வாங்கல, நம்ம கட்டைத்தான் பிரிச்சோம்.” இதைவிடத் தெளிவாக நானே சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்தது எங்கள் இட்லிப் பாட்டி. விடியுமுன்னே தாராவியிலிருந்து கிளம்பி மும்பையின் மூலை முடுக்குக்கெல்லாம் போகிற இட்லியில் பாட்டி சுடுவதும் சேர்த்தி. அந்த வேலை முடிந்த களைப்போடு, உழக்கையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து. பிள்ளைகளே அளந்தார்கள். எட்டு உழக்கு அரிசி என்றால்? சிலர் ஐந்து என்றார்கள், சிலர் இரண்டு என்றார்கள். பாட்டி பதில் சொல்லவில்லை. “அளந்து பாருங்கடா” என்றார். நாலு உழக்கு அரிசி கொட்டி ஒரு உளுந்து, இன்னொரு நாலு கொட்டி இன்னொரு உளுந்து. பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கே கஷ்டமான பொறுமை அது. பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது எல்லாருக்கும் வருவதில்லை.

மாவு அரைத்து வந்த பிறகு ஒரே மாதிரியான இரண்டு டப்பாவில் ஊற்றி, மாவின் மட்டத்தில் நூல் கட்டினோம். ஒன்று மூடிபோட்டு வகுப்பறையில் இருந்தது. மற்றொன்றை டீக்கடை அண்ணன் தன் கடை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வகுப்பில் இருந்த மாவு நூலைத் தாண்டி மேலே வந்திருந்தது. ஃபிரிட்ஜில் இருந்தது ஏறக்குறைய நூலோடு நின்றது. ஏன் என்று கேட்டேன். “குளிர்ல மாவு தூங்கிடுச்சு” என்று ஒரு பையன் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் மாவில் இருக்கின்றன, சூடு இருந்தால் வேகமாக வேலை செய்யும், வாயு உண்டாக்கும், அதுதான் மாவை உப்பவைக்கிறது, குளிரில் அவற்றின் வேலை மெதுவாகிவிடும் என்று பிறகு சொன்னேன். அவன் சொன்னது அதிலிருந்து அதிக தூரம் இல்லை. அப்புறம் பாட்டி அதே மாவில் இட்லி ஊற்றினார். ஒரு தட்டில் நாலு குழி, மூன்று தட்டு. நாலு, எட்டு, பன்னிரண்டு. வாய்ப்பாடு மனப்பாடம் ஆவதற்கு முன்னால் வயிற்றுக்குள் போனது. பாட்டி, பிள்ளைகள் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடுத்தது குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் பானை செய்கிற பெரியவர். இங்கே பெரியவர்களை ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். காக்காவுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து மும்பையில் சக்கரம் சுற்றியவர்கள். மடலை யாராவது அவருக்கு இந்தியில் சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்த களிமண்ணை உருட்டி, நீட்டி, வளைத்து எழுத்துகள் செய்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க விரலில் வலு வேண்டும், அந்த வலு மண் பிசைவதில் வருகிறது. ‘இ’யும் ‘ஞ’வும் ‘ழ’வும் எந்தப் பக்கம் வளைகின்றன என்பது விரலுக்குப் பழகியது. காய்ந்தபோது பல எழுத்துகள் வெடித்தன. காக்கா வந்து, ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும் என்று கையாலேயே காட்டிப் புரியவைத்தார். மறுபடி செய்ததைத் தன் சூளையில் வைத்துச் சுட்டும் கொடுத்தார். சூளையில் துணிக்கழிவு எரிவதைப் பார்த்த தையல்காரர் மகள், “இது எங்க அப்பா கடைத் துணியா?” என்று கேட்டாள். பக்கத்துப் பக்கத்துத் தெருத் தொழில்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று அன்றைக்கு அரைமணி நேரம் பேசினோம். பாடத்திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கவில்லை, நான் ஒதுக்கினேன்.

அந்தத் தையல்கடை அண்ணனுக்கும் நன்றி. உங்கள் பித்தான்கள் நிறவாரியாக, அளவுவாரியாக, இரண்டு துளை நாலு துளை என்று எத்தனையோ முறை பிரிந்து சேர்ந்துவிட்டன.

சுவரின் அடிப்பகுதியைக் கரும்பலகையாக அடித்துக் கொடுத்த பெயின்டர் அண்ணனுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்த யோசனை சென்னையிலிருந்து வந்தது. அங்கே மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுத எட்டுகிற உயரத்தில் பலகை அமைத்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, அட்டைகளை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறவைக்கிற ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிகளின் ஏணிப்படி முறையைப் பார்த்து உருவாக்கியது அது. அந்த நாள்களில் அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், தன்னிடம் இருந்த பழைய அட்டைகளையும் அனுப்பினார். அம்மா, உங்கள் அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. இப்போது என் வகுப்பில் ஆளுக்கொரு பலகைப் பகுதி இருக்கிறது. பெரிய பலகைக்கு வரக் கூச்சப்பட்ட பிள்ளைகள்கூடத் தங்கள் பகுதியில் தினமும் எழுதுகிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மழை. அதையும் விடவில்லை. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே புனல்போலச் செருகினோம். அடியில் மேடுபள்ளம் இருப்பதால் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சைபர் என்று குறித்து ஸ்கேல் ஒட்டினோம். மொட்டை மாடியில் அதைக் கட்டிவைத்தவர் வாட்ச்மேன் காக்கா. விடுமுறை நாளிலும் காலையில் ஏறிப் பார்த்து, மில்லிமீட்டரைத் துண்டுச்சீட்டில் எழுதிவைத்து, தண்ணீரைக் குறிவரை கொட்டிவிட்டு வந்தவரும் அவர்தான். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் மழை அளவைச் செய்தித்தாளில் பார்த்து எங்கள் அளவோடு வைத்துப் பார்ப்போம். இரண்டும் பொருந்தாத நாள்களில்தான் நல்ல பேச்சு நடந்தது. ஒரே ஊரில் இங்கே கொட்டும், அங்கே தூறும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது, கொலாபாவிலோ 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. 944 என்ற எண் இரண்டாம் வகுப்புக்கு எட்டாது. அதனால் சுவரில் டேப் வைத்துக் கோடு போட்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் போய் நின்றார்கள், பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போய் 2005 மழையைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். அந்த இரவில் நடந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொன்ன தாத்தா பாட்டிகளுக்கு என் நன்றி. மறுநாள் வகுப்பில் யாரும் வாயை மூடவில்லை.

இலை பொறுக்க மாஹிம் பக்கத்து இயற்கைப் பூங்காவுக்குப் போனபோது, வேலையை விட்டுவிட்டு ரோடு கடக்கக் கூடவந்த அம்மாக்களுக்கும் நன்றி. குப்பை மேடாகக் கிடந்த இடம்தான் 1994-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது என்று உங்களில் ஒருவர்தான் பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள்.

‘விளையாடவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்?’ என்று கேட்ட பெற்றோரையும் நான் மறக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. நீங்கள் கூலியை விட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கிறீர்கள். 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது. நம்ம பால்கர் பக்கத்துப் போர்டியில் குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-லேயே செலவில்லாத உள்ளூர்ப் பொருள்களை வைத்துக் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். ஆனால் உங்களை மாற்றியது அது இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பில் வந்து உட்கார்ந்து, உங்கள் பிள்ளை குச்சிக்கட்டைப் பிரித்துக் கணக்குச் சொன்னதை நேரில் பார்த்தீர்கள். வந்து பார்த்ததற்கு நன்றி.

மண்ணும் மாவும் பித்தானும் சிந்திய தரையை ஒருநாளும் முகம் சுளிக்காமல் கூட்டிய மாவ்ஷிக்கும், கால அட்டவணையைத் தளர்த்திக் கொடுத்த தலைமையாசிரியை அம்மாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்கள் இருவரும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் மேலே எழுதிய எதுவும் நடந்திருக்காது.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். பாட்டில் மூடி, புளியங்கொட்டை, பழைய காலண்டர், தையல்கடை நூல்கண்டின் காலி உருளை ஆகியவற்றை வீசாமல் எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எங்களுக்கு ஒரு தராசு செய்ய வேண்டும். பாட்டி, மாவுப் பாடம் அடுத்த வருஷமும் உண்டு, உழக்கைத் தயாராக வைத்திருங்கள்.

நன்றியுடன்,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை