பாறையா, பனியாறு விட்டுப்போனதா?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நலம், உன் நலம் அறிய ஆவல்.

உத்தராகண்ட் மலைநகரமான ஜோஷிமட்டிலிருந்து நீ அனுப்பிய, பாறை எவ்வளவு ஆழத்தில் என்று பார்க்க நிலத்தில் போட்ட மூன்று துளைகளின் பதிவுத் தாள்களைப் பார்த்தேன். முதல் துளையில் 12 மீட்டரில் பாறை, இரண்டாவதில் 7 மீட்டரில், மூன்றாவதில் 19 மீட்டரில். மூன்றிலும் பாறையைத் தொட்டு ஒன்றரை மீட்டர் போனதும் நிறுத்திவிட்டார்கள். இதை வைத்து அஸ்திவாரம் வரையலாமா என்று கேட்டிருக்கிறாய். வரையாதே. ஏன் என்பதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் இரண்டு. அடியில் மலையின் சொந்தப் பாறை. அதன்மேல் பனியாறு இறக்கிவைத்தது, சரிவிலிருந்து இடிந்து விழுந்தது, ஆறு பரப்பியது எல்லாம் கலந்த குவியல். குவியலுக்குள் வீடு அளவுள்ள கற்களும் உண்டு. துளை அப்படி ஒரு கல்லின் நடுவில் இறங்கினால் இரண்டு மூன்று மீட்டர் நல்ல கெட்டிப் பாறையாகவே கோர் (துளையிலிருந்து வெட்டி எடுக்கும் உருளைத் துண்டு) வரும். துளைக்காரருக்கு அது பாறை, உனக்கு அது அந்தரத்தில் கிடக்கும் கல்.

முதலில் சொந்தப் பாறை. நீ பீப்பல்கோட்டி வழியாகத்தானே ஏறிப் போனாய்? அங்கே சாலையோரம் டோலமைட், ஸ்லேட், குவார்ட்சைட். ஹேலங் அருகே முதன்மை மத்திய உந்துப்பிளவு (ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின்மேல் ஏறித் தள்ளப்பட்ட பெரும் பிளவு) கடக்கிறது. வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டிருப்பார்கள். களத்தில் அது கிலோமீட்டர் கணக்கில் அகலமான, அரைபட்டு நசுங்கிய பட்டை. அதற்கு வடக்கே நைஸ், மைக்கா சிஸ்ட், குவார்ட்சைட். இன்னும் மேலே பத்ரிநாத் பக்கம் வெள்ளைக் கிரானைட், அதில் கறுப்பு டூர்மலின் ஊசிகள். இந்தக் கிரானைட்டை நன்றாக மனதில் வைத்துக்கொள், பின்னால் உதவும்.

சிஸ்ட்டும் நைஸும் தகடு தகடாகப் பிளக்கும். அந்தப் பகுதியில் தகடுகள் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கு நோக்கிச் சாய்கின்றன. ஆகவே வடக்கு பார்த்த சரிவில் தகடும் சரிவும் ஒரே பக்கம் சாயும். நீ வெட்டும் முகம் தகட்டின் சாய்வைவிடச் செங்குத்தாகிவிட்டால் தகடு காலில்லாமல் வெளியே நிற்கும், மழையில் வழுக்கி இறங்கும். தெற்கு பார்த்த சரிவில் தகடு மலைக்குள்ளே சாய்வதால் மொத்தமாக வழுக்காது, ஆனால் தனிக்கற்கள் உதிரும். ஔலியிலிருந்து ஜோஷிமட்டுக்கு இறங்கும் சரிவு வடக்கு பார்த்தது. இதற்கு மேல் அதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி குவியல். பனியாறு நேரடியாக விட்டுப்போனதற்கு ‘டில்’ என்று பெயர் (நம் பள்ளிப் புத்தகத்தில் மொரைன் என்று படித்தது, அந்த டில் மேடாகக் கிடக்கும் வடிவத்தை). மாவிலிருந்து பாறாங்கல் வரை எல்லா அளவும் ஒரே இடத்தில், சலிக்காமல், அடுக்கில்லாமல் கிடக்கும். தண்ணீர் சுமந்து வந்தால் கனமும் லேசும் பிரியும், பனிக்கட்டிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கற்களைக் கையில் எடுத்துப் பார். முனை மழுங்கி, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். மண்ணைக் கழுவிவிட்டு மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நேர்க்கோட்டுக் கீறல் தெரியலாம். நைஸில் கீறல் தங்குவது கடினம், ஸ்லேட்டிலும் மெல்லிய மணிகள் கொண்ட பாறையிலும்தான் தேட வேண்டும். ஆகவே கீறல் இல்லை என்பதை வைத்து மட்டும் டில் இல்லை என்று எழுதிவிடாதே.

டில்லிலேயே இரண்டு வகை உண்டு. பனியாற்றின் அடியில் அதன் எடையால் அமுங்கிப் படிந்தது ஒன்று. கடப்பாரையும் திணறும் அளவுக்குக் கெட்டி. பனி உருகும்போது அதன் முதுகிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கொட்டியது இன்னொன்று, தளர்வானது, கற்கள் கூர்மையாக இருக்கும். இரண்டும் ஒரே வெட்டுமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். பதிவில் வெறுமனே ‘கல்லும் மண்ணும்’ என்று எழுதினால் இந்த வித்தியாசம் போய்விடும். உன் தாள்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

பழைய மண்சரிவுக் குவியலும் பார்வைக்கு இதேபோல இருக்கும். அனுபவசாலிகளும் இங்கே சறுக்குவார்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு சதுர மீட்டர் முகத்தைச் சுத்தம் செய்து, முஷ்டி அளவுக்கு மேற்பட்ட 50 கற்களை வரிசையாக எடுத்து, எந்தப் பாறை என்று எண்ணு. எல்லாமே நேர் மேலே உள்ள சரிவின் பாறையாக இருந்தால் மண்சரிவு என்று சந்தேகப்படு. கல் உடைந்தும் துண்டுகள் பிரியாமல் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மேலே சிஸ்ட் மட்டுமே இருக்க, கூட்டத்தில் டூர்மலின் கிரானைட் கிடந்தால் அது பள்ளத்தாக்கின் தலைப்பக்கத்திலிருந்து பயணம் செய்து வந்தது. ஆறும் அதைக் கொண்டு வந்திருக்கலாம். உருண்டு, அடுக்காகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால் ஆறு. ஆற்றுக்கு எட்டாத உயரத்தில், அடுக்கில்லாமல் கிடந்தால் பனியாறு. அதே 50 கற்களில் நீளமானவற்றின் நீளவாக்குத் திசையையும் காம்பஸில் குறித்துக்கொள், பனியாறு போன திசைக்கு அவை அணிவகுத்திருக்க வாய்ப்பு உண்டு.

ஜோஷிமட் நகரம் நிற்பது பெரும்பகுதி இத்தகைய பழைய சரிவுக் குவியலின்மேல். 1939-லேயே ஹைம், கான்சர் என்ற சுவிஸ் நிலவியலாளர்கள் அதைக் குறித்திருக்கிறார்கள். 1976-ல் ஜோஷிமட் நிலம் இறங்குவதை ஆராய்ந்த அரசின் மிஸ்ரா குழு, அடிவாரத்துப் பாறாங்கற்களைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றக் கூடாது, தண்ணீர் கசிந்து உள்ளே இறங்காமல் வடிகால் கட்ட வேண்டும் என்று சொன்னது. 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் இடையில் நகரத்தின் ஒரு பகுதி 5.4 செ.மீ. இறங்கியதாகச் செயற்கைக்கோள் கணக்கு காட்டியது. மிஸ்ரா குழுவின் அறிக்கையை உன் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படி.

கற்களுக்கு இடையே உள்ள மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுதல் அதில்தான் தொடங்குகிறது. பனியாறு நைஸை அரைத்தால் வருவது பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் தூள். தொட்டால் களிமண் மாதிரி இருக்கும், ஆனால் அது களிமண் அல்ல. ஈரமான உருண்டையை உள்ளங்கையில் வைத்து மறுகையால் தட்டு. மேலே தண்ணீர் பளபளக்கும், பிதுக்கினால் பளபளப்பு மறையும். 3 மி.மீ. திரியாக உருட்டப் பார்த்தால் உடைந்துவிடும். இரண்டும் நடந்தால் அது வண்டல் தூள், ஒட்டும் சக்தி இல்லாதது. இன்னொரு சோதனைக்கு ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்கி வை. மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும், வண்டல் தூள் மணிக்கணக்காகும், மறுநாளும் கலங்கலாக இருக்கும் பங்குதான் களி.

இந்த மாவு காய்ந்திருக்கும்போது வெட்டுமுகம் சுவர் மாதிரி நிற்கும். மே மாதம் பார்த்துவிட்டு ‘நன்றாக நிற்கிறதே’ என்று எட்டு மீட்டர் செங்குத்தாக வெட்டிவிடுவார்கள். மணிகளுக்கு இடையே உள்ள சிறிதளவு ஈரம் இழுத்துப் பிடித்திருந்ததுதான் காரணம். ஜூலையில் முழுதாக நனைந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகும், மாவு கரைந்து ஓடும், மாவில் பதிந்திருந்த கார் அளவுக் கல் கீழே வரும். கல் விழுந்ததென்று எழுதுவார்கள். விழ வைத்தது தூள்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதும் இதே கதை. கெட்டியான டில் தண்ணீரை விடாது. அதற்குள்ளேயே உருகுநீர் ஓடிய மணல், சரளைப் பட்டைகள் கிடக்கும், அவை லட்சம் மடங்கு எளிதாகத் தண்ணீரை விடும். சரிவின் மேலே ஒரு செப்டிக் குழி கசிந்தால் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கோ கீழே ஊற்றாக வரும். ஊற்று தெளிவாக வந்தால் அளந்து குறி. கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக் குகை விழுகிறது, அன்றே மேலதிகாரியிடம் சொல். தாங்குசுவரின் நீர்த்துளைகளுக்குப் பின்னால் வடிகட்டிச் சரளையும் துணியும் இல்லாமல் விட்டால் மாவு முதலில் வெளியேறும், பிறகு துளை அடைபடும், பிறகு சுவர் தள்ளப்படும்.

பனியாற்றுக்கு அருகே இதே தளர்ந்த குவியல் அணையாக நின்றால் என்ன ஆகும் என்பதைக் கேதார்நாத்தில் பார்த்தோம். கோயிலுக்கு மேலே சோராபாரி ஏரியைத் தாங்கியிருந்தது பனியாற்றின் பக்க மொரைன். 2013 ஜூன் 17 காலை, அடைமழையில் நிரம்பிய ஏரி அதை உடைத்துக்கொண்டு இறங்கியது. அத்தகைய கரைக்குத் திட்டமிட்ட வழிந்தோடி கிடையாது. மேலால் வழியத் தொடங்கினால் வெட்டிக்கொண்டே போகும்.

சரி, துளைக்கு வருகிறேன். பாறை என்று எழுதும் முன் ஐந்து மீட்டராவது தொடர்ந்து போகச் சொல். சுற்றிலும் அதைவிடப் பெரிய கற்கள் வெளியே தெரிந்தால் பத்து. காசு அதிகமாகும் என்பார்கள், ஆகட்டும். கோரில் பார்க்க வேண்டியவை இரண்டு. தகட்டின் சாய்வை அள. பக்கத்து மலைமுகத்தில் 35 டிகிரி என்றால் நிமிர்ந்த துளையின் கோரிலும் கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவே வர வேண்டும். ஒரு துளையில் 80, அடுத்ததில் 10 என்று வந்தால் அவை புரண்டு கிடக்கும் கற்கள். அடுத்து, நிறம். சொந்தப் பாறை மேலே பழுப்பேறி, கீழே போகப் போகப் புதிதாகும். தனிக்கல்லுக்கு மேல் முகம், கீழ் முகம் இரண்டிலும் பழுப்பு இருக்கும்.

கோர் பெட்டியில் வெறும் கற்களாக இருப்பதைப் பார்த்துச் சரளை என்றும் எழுதிவிடாதே. துளைக்கும் தண்ணீர் மாவைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். திரும்பி வரும் தண்ணீரின் நிறத்தையும், எந்த ஆழத்தில் அது திரும்பாமல் போனது என்பதையும் துளைக்காரர் மீட்டருக்கு மீட்டர் எழுத வேண்டும். கோர் எடுக்க மூன்றடுக்குக் குழாய் கேட்டால் மாவு ஓரளவு தங்கும். எஸ்பிடி சோதனையில் (சுத்தியலால் அடித்து ஒரு குழாயை மண்ணில் இறக்கி, எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவது) 50 அடிகள் தாண்டிவிட்டது என்றால், முனை ஒரு கல்லில் மோதியது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மண்ணின் வலிமையை அதிலிருந்து எடுக்காதே.

நில அதிர்வு அலைச் சோதனையும் செய்யச் சொல். நல்ல நைஸில் அலை நொடிக்கு 4,000 மீட்டருக்கு மேல் போகும், கெட்டி டில்லில் 2,000 சுற்றி, நீர் நிறைந்த தளர்ந்த சரளையில் 1,500 அளவு. ஒரு பொறி உண்டு: கெட்டி டில்லுக்கு அடியில் தளர்ந்த சரளை இருந்தால் அந்த அடுக்கு இந்தச் சோதனைக்குத் தெரியாது, பாறையின் ஆழமும் தவறாக வரும். சோதனைக் கோடு ஒரு துளையின் மேலேயாவது போகட்டும். மின்தடைச் சோதனையை மட்டும் நம்பாதே. உலர்ந்த கற்குவியலும் பாறையும் அதில் ஒரே மாதிரி காட்டும்.

சாய்வுமானி (நிலம் உள்ளே எவ்வளவு நகர்கிறது என்று துளைக்குள் குழாயில் அளக்கும் கருவி) இறக்கினால் குழாயின் அடி சொந்தப் பாறையில் பதிய வேண்டும். அடியும் சேர்ந்து நகர்ந்தால் கருவி பூஜ்யம் காட்டும், எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டாவது துளையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் புதிதாக ஒன்று போடச் சொல். 7 மீட்டரில் பாறை என்பதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம், அக்கம்பக்கத்து இரண்டும் அத்தனை ஆழமாக இருக்கும்போது. மூன்றாவதை 25 மீட்டர் வரை தொடரச் சொல். அதற்கு முன் மூன்று பெட்டிகளையும் உலர்ந்தபடி ஒருமுறை, நனைத்து ஒருமுறை படமெடுத்து அனுப்பு. ஈரத்தில்தான் தகட்டின் கோடு தெளிவாகத் தெரியும். ஸ்கேலும், எந்தப் பக்கம் மேல் என்ற அம்புக்குறியும் படத்தில் விழட்டும்.

அன்புடன்,
அம்மா