செயலாளரின் ஆண்டறிக்கை: நம் பகுதிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்போரே, வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயற்குழுவின் நேரத்தை இந்த ஆண்டு விழுங்கியது தண்ணீர்க் கணக்கு. ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியே.

சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. புதிய குழாய் வரும்போது நமக்கு எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று விசாரித்தோம். மத்திய அரசின் கையேடு பெருநகரங்களுக்குச் சொல்வது தலைக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். அதை மக்கள்தொகையால் பெருக்கி, கசிவுக்கு 15 விழுக்காடு வரை சேர்ப்பது வழக்கமாம்.

பெருக்கலில் குறையில்லை. எந்த மக்கள்தொகை என்பதுதான் சிக்கல். குடிநீர் அலுவலகத்தில் காட்டியது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அன்று தனி வீடு நின்ற மனைகளில் இன்று அடுக்ககங்களும், மென்பொருள் ஊழியர்கள் தங்கும் விடுதிகளும் நிற்கின்றன. வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களும் குளிக்கத்தானே செய்கிறார்கள்?

இன்னொரு கோளாறு, முந்தைய ஆண்டுகளில் வழங்கிய அளவையே தேவையாக எடுத்துக்கொள்வது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது குறைந்தது விநியோகம். தேவை தனியார் லாரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடம் மாறியது, அவ்வளவே. அந்த இரண்டும் குழாய்நீர்க் கணக்கில் ஏறுவதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் கிணறு ஊறி லாரி குறைந்தால், அதையும் தேவை சரிந்ததாகப் படித்துவிடும் அபாயம் உண்டு.

கட்டணமும் கணிப்பில் சேர வேண்டியதே. ஆனால் மீட்டர் இல்லாத வீட்டில், எவ்வளவு பிடித்தாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். அங்கே விலையை வைத்துப் பயன்பாட்டை ஊகிக்க வழியில்லை. லாரிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் வீடோ, துணி அலசிய நீரையும் வீணாக்குவதில்லை.

எனவே துணைக்குழு ஒன்று அமைத்து, ஒவ்வொரு கட்டடத்திலும் உண்மையில் வசிப்போரின் எண்ணிக்கை, கோடையிலும் மழைக்காலத்திலும் வாங்கிய லாரிகளின் ரசீது, மோட்டார் ஓடும் நேரம் ஆகியவற்றைத் திரட்டினோம். ரசீதைத் தயங்காமல் கொடுத்தவர்கள்கூட மோட்டார் நேரத்தைச் சொல்ல மறுத்தார்கள். புதிய வரி வருமோ என்ற அச்சம். கிடைத்த தகவல்களை மனுவுடன் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஆகவே இக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம்: அடுத்த கோடைக்கு முன் ஒவ்வோர் அடுக்ககமும் தன் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தி, மாதம் ஒருமுறை அளவைச் சங்கத்திடம் தர வேண்டும். மீட்டர் செலவு அந்தந்த அடுக்ககத்தைச் சேர்ந்தது.

இப்படிக்கு,
செயலாளர்