ரீஜெண்ட் தெருவுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

சனிக்கிழமை லண்டன் ரீஜெண்ட் தெருவுக்குப் போவதாகச் சொன்னாய். கடைக் கண்ணாடியோடு நின்றுவிடாதே, தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார். கட்டடம் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தெருவின் நிலம் அநேகமாக முழுவதும் அரச சொத்து, கடைக்காரர்கள் குத்தகைக்காரர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது விளங்கும். 1813-இல் இந்தத் தெருவுக்காக நாடாளுமன்றம் சட்டம் போட, கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் கோடு கிழித்தார். மேற்கே சீமான்களின் மேஃபேர், கிழக்கே கைத்தொழிலாளர்களின் சோஹோ. இரண்டும் சேரும் எல்லையை ஒட்டியே, நிலம் மலிவாகக் கிடைத்த பக்கமாகத் தெருவைக் கொண்டுபோனார். பிக்காடிலி அருகே வளைகிற இடத்தில் நடைபாதைக்குக் கூரை போட்டு வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார். கடைக்குள் வெளிச்சம் வரவில்லை, இருட்டில் வேண்டாதவர்கள் கூடுகிறார்கள் என்று புகார் எழுந்து, 1848-இல் அகற்றிவிட்டார்கள்.

நாஷ் கட்டியது செங்கல்லும் மேலே காரைப் பூச்சும்தான். 99 வருடக் குத்தகைகள் முடிகிற சமயத்தில் இடித்து, போர்ட்லண்ட் கல் (வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்) முகப்போடு 1927-க்குள் திரும்பக் கட்டினார்கள். நார்மன் ஷா வரைந்த பிக்காடிலி ஹோட்டலின் கீழ்த்தளத் தூண்கள் பருமன். சரக்கை எங்கே காட்டுவது என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். மீதி வளைவை ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் கண்ணாடிக்கு இடம்விட்டு வரைந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பாரும்மா.

முக்கியமானது கல்லுக்குப் பின்னால் உள்ள எஃகுச் சட்டகம். இடைவெளி விடாமல் காரையும் கல்துண்டும் போட்டு அடைத்துவிட்டார்கள். இணைப்பு வழியே நீர் இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துரு பல மடங்கு உப்பி, கல்லை வெடிக்கவைக்கும். இந்தக் கோளாறுக்குப் பெயரே 'ரீஜெண்ட் தெரு நோய்'. தூண் இருக்கும் நேர்கோட்டில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் ஓடினால் சந்தேகப்படு. உத்தரமென்றால் படுக்கைவாக்கில் ஓடும். மேலே பூசி மறைத்தால் மறுபடி வெடிக்கும். கல்லைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எஃகுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சிறு மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்க வேண்டும்.

லிபர்ட்டி என்ற பெரிய கடையின் மரச்சட்டக் கட்டடம் பக்கத்துத் தெருவுக்குள் ஒதுங்கியதற்கும் நிலச் சொந்தக்காரர்தான் காரணம்: பெருந்தெருப் பக்கம் கல் முகப்புதான் வேண்டும் என்றார்கள். 1924-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் மரம், இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு போர்க்கப்பல்களை உடைத்து எடுத்தது.

நாஷின் கைவேலையைப் பார்க்க வடகோடிக்கு, ஆல் சோல்ஸ் தேவாலயத்துக்குப் போ. தெரு அங்கே முடங்கித் திரும்புவது உறுத்தாமல் இருக்கத்தான் வட்டமான முன்மண்டபம் வைத்தார். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நாற்சந்தியிலிருந்து நடந்து போனால்தான் அது புரியும்.

அன்புடன்,
அப்பா