கைவிடப்பட்ட கதிர்மூலங்களைக் கணக்கெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுப் பயங்கரவாதம் என்ற பேச்சில் அணுகுண்டும் 'அழுக்கு குண்டும்' ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பின்னது, சாதாரண வெடியால் கதிரியக்கப் பொருளைச் சிதறடிப்பது.

அணுகுண்டுக்குப் பெரிய தடை மூலப்பொருள்தான். உயர்செறிவு யுரேனியத்தில் (யுரேனியம்-235 என்ற வகையின் விகிதம் கூட்டப்பட்டது) 25 கிலோ யுரேனியம்-235, அல்லது 8 கிலோ புளூட்டோனியம் என்பது ஒரு குண்டு செய்யத் தேவைப்படும் அளவுக்குச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் அளவுகோல். 2006-இல் ஜார்ஜியா நாட்டில் கடத்தல்காரரிடம் பிடிபட்ட உயர்செறிவு யுரேனியமோ சுமார் 80 கிராம். பணமும் படித்த ஆட்களும் இருந்த ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற பயங்கரவாத மதக்குழுவுக்கே அணு ஆயுத ஆசை கைகூடவில்லை. ஆனாலும் அசட்டை ஆகாது. 2012-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மூன்று அமைதிப் போராளிகள் வேலிகளை வெட்டிக்கொண்டு யுரேனியக் கிடங்கின் சுவர்வரை போனார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 82. கேமராக்கள் பழுதாகிக் கிடந்தன. பொய் அலாரங்களைக் கேட்டுக் கேட்டு காவலர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

அழுக்கு குண்டுக்கான பொருளோ கதிர்மூலங்களாக, அதாவது கருவிகளுக்குள் வைத்த கதிரியக்கப் பொருளாக, மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறது. 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட கதிர்சிகிச்சை நிலையத்திலிருந்து பழைய இரும்புக்கு எடுத்துப்போன கருவியில் சுமார் 93 கிராம் கதிரியக்கச் சீசியம் குளோரைடு இருந்தது. நீரில் கரையும் தூள் அது. கை, உடை, வீடு என்று ஒட்டிப் பரவியது. 4 பேர் இறந்தார்கள், 249 பேர் மீது மாசு படிந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அதில் யாருக்கும் கெட்ட நோக்கம் இல்லை.

எனவே செலவு முதலில் இங்கே ஆகட்டும். பயன்பாடு முடிந்த கதிர்மூலம் தயாரிப்பாளரிடமோ மையக் கிடங்குக்கோ திரும்பியே ஆக வேண்டும். அதற்கான வைப்புத்தொகையை வாங்கும்போதே கட்ட வைக்கலாம். ரத்தத்துக்குக் கதிர்பாய்ச்சும் சீசியக் கருவிகளுக்குப் பதிலாக எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. அணைத்தால் கதிர் நின்றுவிடும், திருட அதில் ஒன்றும் இல்லை. பழைய இரும்புக் கிடங்குகளின் வாசலில் கதிர்வீச்சு உணர்கருவியும் வேண்டும்.

மக்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அழுக்கு குண்டு வெடித்தால் அருகிலுள்ள கட்டடத்துக்குள் போய் ஜன்னல்களை மூட வேண்டும். மேலாடையைத் தலைவழியாக உதறாமல், முடிந்தால் வெட்டிக் கழற்றிப் பையில் கட்டி ஒதுக்கிவைத்தாலே மாசில் பெரும்பகுதி போய்விடும். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். தோல் சிராய்க்கத் தேய்க்கக் கூடாது. அயோடைடு மாத்திரைக்கு ஓட வேண்டாம். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டுமே காக்கும், சீசியத்துக்குப் பயன்படாது.