வியன்னாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

லீவு நாளெல்லாம் அறைக்குள்ளேயே கிடக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இந்த ஞாயிறு குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியத்துக்குப் போய் வா. ஓவியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குன்ஸ்ட்காமர் என்ற அரும்பொருள் பகுதிக்குப் போ. ஒரு முழத்துக்கும் குறைவான இரண்டு வெண்கலச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அப்பாவுக்காக அவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்று பெல்லரோஃபோன். கிரேக்கக் கதையில் வரும் வீரன், பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையை அடக்குகிறான். குதிரை பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. உயரம் 32 செ.மீ. போல இருக்கும். 1480-களின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ்காரர் பெர்த்தோல்டோ செய்தது. பெரிய சிற்பி தொனதெல்லோவிடம் தொழில் பழகியவர் அவர். ஆனால் நான் சொல்ல வந்தது அதன் அடிப்பாகத்தைப் பற்றி. லத்தீனில் இரண்டு பெயர் பொறித்திருக்கிறது: என்னை உருவாக்கியவர் பெர்த்தோல்டோ, வார்த்தவர் அட்ரியானோ.

ஆயுசு முழுக்க உலோகம் வார்க்கும் பவுண்டரியில் நின்றவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது சொல். மெழுகில் உருவம் பிடிப்பது ஒரு வித்தை. அதன் மேல் மண் பூசி, சுட்டு, மெழுகு வழிந்தோடிய இடத்தில் உலோகத்தை நிரப்புவது வேறொரு வித்தை. காற்று வெளியேற வழி விடாவிட்டால் குதிரையின் காதுகூட முழுசாக வராது. ஊற்றும்போது சூடு குறைந்தால் பாதியில் உறைந்துவிடும். இதெல்லாம் தெரிந்த ஒரு மனுஷனின் பெயரைச் சிற்பியின் பெயருக்குப் பக்கத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் இருப்பதால் அந்த எழுத்து உனக்குத் தெரியாமல் போகலாம். பரவாயில்லை, இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்.

இன்னொன்று ஹெர்குலிஸும் அந்தேயஸும். அந்தேயஸ் பூமித்தாயின் மகன். கால் தரையில் பட்டிருக்கும்வரை அவனை வெல்ல முடியாது. அதனால் ஹெர்குலிஸ் அவனை அப்படியே தூக்கி, இறுக்கியே கொல்கிறான். இத்தாலியின் மாந்துவா நகரத்தை ஆண்ட கொன்சாகா குடும்பத்துக்கு வேலை செய்த சிற்பி அந்திகோவின் கைவேலை. பழைய ரோமானியச் சிலைகளில் ஊறியவர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

சாதாரணமாக மெழுகு உருகிப் போனால் மூலமும் போச்சு. நம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்கும் அப்படித்தான், ஒரு மெழுகுக்கு ஒரு சிலை. அந்திகோ மூல உருவத்தின் மேல் துண்டு துண்டாக அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து புது மெழுகு எடுத்தார். உள்ளே கோர், அதாவது நடுவில் உலோகம் நிரம்பாமல் தடுக்கும் கட்டி, வைத்ததால் சிற்பம் மெல்லிய கூடாக வந்தது. வார்ப்பு கெட்டாலும் மூலம் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் முன்பு பிஷப் லுதோவிகோ கொன்சாகாவுக்குச் செய்த உருவங்களை, அவர் இறந்து பல வருஷம் கழித்து 1519-இல், மாந்துவா சீமாட்டி இசபெல்லா தெஸ்தேவுக்கு மறுபடி வார்த்துத் தர அந்திகோவால் முடிந்தது. நீ பார்க்கப்போவது இசபெல்லாவுக்கு வார்த்தது. அடியில் இசபெல்லாவின் பெயர் இருக்கிறது.

இவையெல்லாம் படிப்பறையில் வைத்து, கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் செய்தவை. ஆகையால் எதிரில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதே, முடிந்தவரை சுற்றி வா. ஹெர்குலிஸின் முதுகுப் பக்கம் முக்கியம்.

வழவழப்பில் அந்திகோவை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் எனக்கு ஒரு படி மேலே பாதுவா நகரத்துச் சிற்பி ரிச்சோதான். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மேல்தோலுக்கு உயிர் கொடுத்தவர். லண்டன் போக நேர்ந்தால் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் வாய்விட்டு அலறியபடி குதிரைமேல் இருக்கும் அவருடைய வீரனைப் பார்.

பெகாசஸின் பின்னங்கால் அடித்தட்டோடு சேரும் இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, கண்ணு. ஃப்ளாஷ் போடாதே. அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா