ஈரத்தோடு அசிட்டோனையும் பிடிக்கும் குழாய்: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆய்வக உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர்,
ஆய்வகப் பொருட்கள் நிறுவனம், சென்னை.

பொருள்: ஈரம் உறிஞ்சும் குழாய்கள் 40 – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மாதம் தங்களிடம் மூச்சு மாதிரிப் பைகளும், அவற்றின் வாயில் பொருத்தும் ஈரம் உறிஞ்சும் குழாய்கள் 40-ம் வாங்கினேன். "நீராவியை மட்டுமே பிடிக்கும்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். அது உண்மையல்ல.

ஈரத்தின் தொல்லை எனக்குப் புதிதல்ல. உடலின் வெப்பநிலையான 37 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று சுமார் 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும்; 25 டிகிரியில் 23 மில்லிகிராம்தான். வேலூர் அருகே அணைக்கட்டு என்ற ஊரில் மே மாத வெயிலில் பையை நிரப்பும்போது ஒரு துளியும் தெரியாது. இங்கே ஏசி அறைக்குள் கொண்டுவந்த சிறிது நேரத்தில் பையின் உட்புறம் வியர்த்துவிடும். மூச்சில் நான் அளக்க வேண்டிய அசிட்டோனும் அம்மோனியாவும் அந்தத் துளிகளில் கரைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் உங்கள் குழாயை வாங்கினேன்.

பை உலர்ந்தே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரவெல்லாம் பட்டினி இருந்தவர்களின் மூச்சில் அசிட்டோன் கூடியிருக்க வேண்டும். என் அளவீட்டிலோ குறைந்து வந்தது. அளக்கும் கருவியின் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிறகு, அளவு தெரிந்த அசிட்டோன் வாயுவை நேராக ஒருமுறையும் உங்கள் குழாய் வழியாக ஒருமுறையும் செலுத்தினேன். குழாய் வழியாக வந்தது பாதிக்கும் குறைவு. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சிலிக்கா ஜெல்! தொழிற்சாலைக் காற்றிலுள்ள மெத்தனால் ஆவியைப் பிடித்து அளக்கப் பயன்படும் பொருள் அது. அசிட்டோனை மட்டும் விட்டுவிடுமா?

"பையைச் சரியாகப் பாதுகாக்கவில்லை" என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொன்னார்கள். சோதனை வாயு எந்தப் பைக்குள்ளும் போகவேயில்லை, ஐயா.

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. பன்னிரண்டு பேர், அதில் வயதான பெண்கள் நால்வர், என் பேச்சை நம்பி வெறும் வயிற்றோடு காத்திருந்து ஊதிக் கொடுத்தார்கள். அத்தனை மாதிரியும் வீண். மறுபடியும் பட்டினி இருங்கள் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பேன்?

இப்போது குழாயே இல்லாமல், பையையும் இணைப்புக் குழலையும் 40 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரம் துளியாகுமுன் நேரடியாகக் கருவிக்குள் செலுத்துகிறேன். அந்த வழியையாவது உங்கள் கையேட்டில் சொல்லியிருக்கலாம்.

குழாய்களுக்கான முழுத் தொகையையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். பெட்டியின் மேலுள்ள வாசகத்தை நீக்கி, குழாய் எந்தெந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அச்சிடுங்கள். இரண்டையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். பிரிக்காத குழாய்கள் 27-ஐயும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக உரிமையாளர்